கண்ணாடிப் பெட்டிக்குள் கேப்டன்

பகல் காட்சி, பாதி அரங்கு காலி. திரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற விண்கலக் கேப்டன் மெல்லக் கண் திறக்கிறான். அந்த நீல வெளிச்சம் தையல்காரனின் மடியிலிருக்கும் தொப்பி மேல் விழுகிறது. இது பதினோராவது படம். முந்தைய பத்தையும் அவன் அண்ணனோடு முதல் நாளே பார்த்தவன். அண்ணனின் இந்தத் தொப்பியில் கேப்டனின் நட்சத்திரத்தைத் தலைகீழாகத் தைத்துவிட்டவனும் அவன்தான். அண்ணன் அதைப் பிரிக்க விடவேயில்லை. அண்ணன் இறந்து எட்டு மாதமாகிறது. முன்வரிசை விசிலடிக்கிறது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்தவனை எழுப்புவது இவர்களுக்கு அவ்வளவு லேசாகப் போய்விட்டது. இந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காத அண்ணி பக்கத்து இருக்கையிலிருந்து அவன் பக்கம் சாய்கிறாள். "தம்பி, இவன் போன படத்துலயே செத்துட்டான்னு உங்கண்ணன் ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தாரே?" "ஆமா அண்ணி." "அப்புறம் எப்படி வந்தான்?" அந்த விண்கலத்தின் ஒவ்வொரு திருகாணிக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவன் தொப்பியின் நட்சத்திரத்தைத் தடவுகிறான். "கதைதானே அண்ணி." "செத்து எத்தனை நாள் கழிச்சு வர்றான்?" "ஒரு வருஷம்." அண்ணி தொப்பியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், மிச்சமிருக்கும் மாதங்களை ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணுகிறாள்.