ரம்பத்தின் பக்கம் நின்ற பலகை

அறுபடும் மரம் பிசிறாமல் இருக்கத் தச்சர் தாமே ஓர் ஏற்பாடு செய்தார். கழிவுக் குவியலில் கிடந்த பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, மின்ரம்பத்தில் மரத்தைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்பில் திருகாணியால் பொருத்தினார்.

பலகைக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே காத்திருந்த தேக்குச் சட்டத்திடம், "இனி நான் ரம்பத்தின் ஆள். மரியாதையாக வந்து படு" என்றது.

"நேற்றுவரை அண்ணா என்றாயே, தம்பி!"

"யாருக்கு யார் தம்பி?"

தச்சர் ரம்பத்தை முடுக்கி, முதலில் பலகையின் நெஞ்சில் இறக்கினார்.

"ஐயா, நான் உங்கள் ஆள்!" என்று அலறியது பலகை.

"அதனால்தான் முதல் வெட்டு உனக்கு" என்றது ரம்பம்.

அந்தப் பிளவின்மேல் தேக்குச் சட்டம் சாய்த்து வைக்கப்பட்டது. பிசிறே இல்லாமல் அறுபட்டது. தச்சர் மகிழ்ந்துபோய் ரம்பத்தைத் தட்டிக்கொடுத்தார்.