இருபத்தோராவது ஆள்

முதல் நாள் வேலையில் மேலாளர் அவன் முன்னால் இருபது கைப்பேசிகளைப் பரப்பினார்.

“இன்னைக்கு வேகமா ஏறப்போற பங்கு எதுன்னு நம்ம வாட்ஸ்அப் குழுவுல இதுல ஒரு போன்லேர்ந்து போட்டிருக்கேன். ‘வாங்கினேன், நல்ல லாபம்’னு மத்த ஒவ்வொரு போன்லயும் மாத்தி மாத்தி எழுது.”

“நான் எதுவும் வாங்கலையே சார்?”

“எழுதத்தானேப்பா சம்பளம்.”

எழுதினான். “குழுவுல இருபத்தோரு பேர் காட்டுதே சார்?”

“இருபது பேர் இந்த மேசையிலேயே இருக்காங்க. மிச்சம் ஒருத்தருக்காகத்தான் இத்தனை பாடு. அவங்க கட்டுற பணம் நேரா நம்ம கைக்கு வந்துடும்.”

அந்த ஒருவரிடமிருந்து பதில் வந்தது: ‘நீங்க எல்லாரும் சொல்ற தைரியத்துல சேமிப்பு முழுக்கப் போட்டுட்டேன்.’

அதன் மேலே இருந்த எண் அவனுக்கு மனப்பாடம். வெளியே ஓடிப்போய்த் தன் கைப்பேசியிலிருந்து அதே எண்ணை அழைத்தான்.

“அக்கா...”

“சொல்லுடா தம்பி. புது வேலை பிடிச்சிருக்கா?”