சிவக்காத இலை

பக்கத்துத் தோட்டத்தில் இலை சிவந்தால் சும்மா இருக்காதே... இப்படி ஏதோ சொல்வார் அப்பா. அதற்கப்புறம் ‘போய்ப் பேசு’ என்றாரா, ‘புகார் கொடு’ என்றாரா, கோஸ்டாஸுக்கு நினைவில்லை.

கோஸ்டாஸ் திராட்சை விவசாயிகள் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தனாசிஸின் ஷிராஸ் கருந்திராட்சைக் கொடிகள் செக்கச்செவேலென்று சிவந்து கிடந்தன. இந்தப் பக்கம் கோஸ்டாஸின் சார்டனே வெள்ளைத் திராட்சை, பச்சைப்பசேல்.

“இலைச்சுருட்டு வைரஸ்டா அது! மாவுப்பூச்சி அங்கேருந்து இங்கே தூக்கிட்டு வந்துடும். ரென்மார்க் ஊர் பூரா பேசுது. பிடுங்கிப் போடேன்!”

“விடுடா. சங்கத்து ஆள் வந்து படமெல்லாம் எதுக்கு எடுக்கணும்?” என்றார் தனாசிஸ்.

“பயமா?”

தனாசிஸ் தளர்ந்திருந்த வேலிக் கம்பியை இழுத்துக் கட்டினார்.

சங்கம் அனுப்பிய பிரைடி, வெள்ளைப் பலகையைத் தரையில் வைத்துக் கேமராவைச் சரிபார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத நிறங்களையும் பிரித்தெடுக்கும் கேமரா. ட்ரோன் இரண்டு தோட்டத்தையும் சுற்றி வந்தது.

“நோய் இருந்தா மஞ்சள். இல்லேன்னா நீலம்” என்று திரையைத் திருப்பினாள்.

மஞ்சள் முழுக்க கோஸ்டாஸ் பக்கம்.

“படத்தைத் தலைகீழா வச்சிருக்கியேம்மா.”

“இல்ல கோஸ்டாஸ். இதோ உங்க பம்ப் ஷெட்.”

“மேகம் மறைச்சிருக்கும். பலகையைத் துடைச்சியா?”

“ரெண்டு தடவை.”

“என் இலை பச்சையா இருக்கே!”

“வெள்ளைத் திராட்சை அப்படித்தான். வைரஸ் இருந்தாலும் சிவக்காது. அவரோடது வெறும் பொட்டாஷ் சத்துக் குறைச்சல். போன வருஷப் படமும் இதேதான்.”

கோஸ்டாஸ் திரையைப் பிடுங்கிப் பார்த்தார். “போன வருஷமா? யார் எடுக்கச் சொன்னது?”

“தனாசிஸ். அவர் தோட்டத்தை எடுத்தப்போ உங்க ஓரமும் விழுந்துச்சு. வேலி தாண்டி வந்த உங்க இலையை லேபுக்கும் அனுப்பினோம். வைரஸ்தான். உங்ககிட்ட தானே சொல்றேன்னார்.”

கோஸ்டாஸ் திரும்பினார். “ஒரு வருஷமா கிளப்புல உன் மானத்தை வாங்கிட்டிருக்கேன். வாயைத் திறந்து சொன்னா என்னடா?”

தனாசிஸ் பூட்ஸ் நுனியால் மண்ணைக் கிளறினார்.

“உன் தெஸ்பினா தன் கையால நட்ட கொடிடா. அப்போ அவளைப் புதைச்சு ஒரு மாசம்கூட ஆகல. பொண்டாட்டி நட்டதைப் பிடுங்குன்னு எந்த வாயால சொல்றது? பூச்சி என் பக்கம் வராம நான் மருந்தடிச்சுக்கிட்டேன்.”

கோஸ்டாஸ் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார்.

பிறகு போனை எடுத்து, திங்கட்கிழமை தன் தோட்டத்தைப் பிடுங்க புல்டோசர் அனுப்பச் சொன்னார்.