அத்திப்பள்ளியில் இறங்கியவர்

ஓசூரில் பெங்களூரு பஸ் ஏறும்போதே ஜீனத்துக்குப் பயமாக இருந்தது. கோச்சிங் சைக்காலஜி முதுகலைப் படிப்புக்கு இன்று நேர்முகத் தேர்வு. யாருக்கும் புத்தி சொல்லாமல், கேள்வி கேட்டே அவர்களை ஒரு முடிவுக்கு வரவைக்கும் வித்தை அது.

பக்கத்து சீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். ஒத்திகை பார்க்க ஆள் கிடைத்துவிட்டது.

“வேலைக்கா சார்?”

“ஆமாம்மா. போகவே புடிக்கல.”

“வேற எங்க போகப் புடிக்கும்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஓசூர் பக்கம் தளியில அரை ஏக்கர் கெடக்குது. ரோஜா வெக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

“இன்னும் வெக்காததுக்கு என்ன காரணம்?”

“நான் இல்லன்னா வேலை எடத்துல ஒண்ணும் நடக்காதே.”

“நடக்கலன்னா என்ன ஆயிடும் சார்?”

அத்திப்பள்ளியில் பஸ் நின்றதும் அவர் சட்டென்று எழுந்தார். அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு இறங்கி, ரோட்டைத் தாண்டி, ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஜீனத் தெம்பாகக் கல்லூரிக்குள் நுழைந்தாள்.

“ஜீனத்தா? உங்களுக்கு இண்டர்வியூ இல்ல, சீட் குடுத்தாச்சு” என்றார் ஆபீஸ் கிளார்க். “புரொபசர் இப்பத்தான் போன் பண்ணாரு. பஸ்லயே உங்களப் பாத்துட்டாராம். இவ்ளோ நல்லா கேள்வி கேக்கற பொண்ண வுட்டுடாதீங்கன்னாரு.”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “கிளாஸ் எப்ப சார் ஆரம்பம்?”

கிளார்க் தலையைச் சொறிந்தார்.

“அதாம்மா தெரியல. அந்தக் கோர்ஸுக்கு இருந்ததே அவரு ஒருத்தர்தான். அவரு ரோஜா வெக்கப் போயிட்டாரே.”