இளவரசிக்கு உடம்பு எப்படி?

லண்டனில் பட்டுக் கடை வைத்திருந்த ஆம்ப்ரோஸ் பெல்லமிக்குச் சில நாள்களாகச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அரசரின் அத்தையான முதிய இளவரசி படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

கடைக்கு வந்த சீமாட்டி பென்ரோஸிடமும் அவர் முதலில் அதைத்தான் கேட்டார்.

"அரண்மனைக்குப் போய்ட்டு வந்தீங்களேம்மா, இளவரசிக்கு எப்படி இருக்கு?"

"கஞ்சிகூட இறங்கலையாம். வைத்தியர் கையை விரிச்சுட்டார்."

பெல்லமி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"சொந்த அண்ணன் பிள்ளைங்ககூட இப்படி உருகலை, பெல்லமி!" என்று மெச்சிய சீமாட்டி, "இந்த ரோஜா நிறப் பட்டு இப்போ வேண்டாம்" என்று எழுந்து போனார். பெல்லமி வற்புறுத்தவில்லை.

மறுநாள் தெருவில் கூட்டம் திரண்டது. பெல்லமி வாசலுக்கு ஓடினார்.

"போய்ட்டாங்களா?"

"வாயைக் கழுவுங்க!" என்றார் எதிர்ப்புறப் பீங்கான் கடைக்காரர். "எழுந்து உட்கார்ந்து ஆட்டுக்கறி கேட்டாங்களாம். சன்னல்ல விளக்கு ஏத்துங்க!"

பெல்லமி விம்மி அழுதார்.

"ஆனந்தக் கண்ணீரைப் பாருங்கய்யா!" என்று கூட்டம் அவர் முதுகில் தட்டியது.

மாடியில் விளக்கேற்றப் போனவரால் சன்னலை நெருங்க முடியவில்லை. அரச குடும்பத்தில் ஒருவர் மறைந்தால் பெரிய வீட்டார் அனைவரும் கறுப்பு உடுத்தியாக வேண்டும் என்பதால், கையிருப்பையெல்லாம் கொட்டி அவர் வாங்கிக் குவித்த கறுப்புப் பட்டு, தரை முதல் கூரை வரை வழியை அடைத்திருந்தது.

"இளவரசி நூறாண்டு வாழ்க!" என்று தெரு முழங்கியது.

"ஊர் பார்க்குது, நீங்களும் சொல்லுங்க" என்றாள் மனைவி டார்கஸ்.

பெல்லமி சொன்னார்.