அய்யாக்கண்ணுவின் ராத்திரி பூசை

"ஏன் சாந்தாக்கா, ஒங்க வூட்டுக்காரரு சாமியாராப் போகப் போறாராமே?"

தண்ணிக் குழாயடியில் சிந்தாமணி கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாந்தாவுக்கு முகம் சுண்டிப்போனது.

சிரிக்க மாட்டார்களா? கோயில் பக்கம் பொங்கல் வாங்க மட்டுமே போகிற மனுஷன் அய்யாக்கண்ணு. பத்து நாளாக, ராத்திரி சோறு தின்ற கையோடு ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகக் கிளம்பிவிடுகிறார்.

கேட்டால், "நம்ம காட்டுல தனியா உக்காந்து சாமியை நெனைக்கப் போறேன்" என்கிறார்.

நினைக்கிறதா அது? விடிய விடிய தட்டைத் தட்டி "முருகா, முருகா" என்று அவர் போடும் கூச்சல் பக்கத்து ஊர் குன்னம் வரைக்கும் கேட்கும்.

சிந்தாமணி விடவில்லை. "கூடப் பொறந்த தம்பி தங்கராசு கால் ஒடிஞ்சு பெரம்பலூர் ஆஸ்பத்திரியில கெடக்கு. அது பொண்டாட்டியும் அங்கயே கெடக்கு. இவரு ஒரு எட்டுப் போய்ப் பாக்கல. இதுல சாமி ஒரு கேடா?"

சாந்தாவையும் உறுத்தியது அதுதான். வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷமாகிறது. அதுக்காக, இப்படியுமா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். "தம்பியப் பாக்காதவருக்கு பக்தி என்ன வேண்டிக் கெடக்கு?"

"சாமி காரியத்துல பேசாத. கண்ணக் குத்தும்" என்றுவிட்டு அன்று ராத்திரியும் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார் அய்யாக்கண்ணு.

சாந்தாவும் டார்ச் லைட்டோடு பின்னாலேயே போனாள்.

அவர்கள் காட்டில் ஆளைக் காணோம். போன மாசமே மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது; நிலம் மொட்டையாகக் கிடந்தது. சத்தம் வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தது.

"முருகா! முருகா! ஏய்... ஓடுறா சனியனே! முருகா!"

சாமியையா சனியன் என்கிறார்? பதறிப்போய் லைட்டை அடித்தாள்.

கருது முற்றி நின்ற சோளத்துக்குள்ளிருந்து நாலு காட்டுப்பன்னிகள் உறுமிக்கொண்டு ஓடின. பின்னாலேயே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டைத் தட்டியபடி அய்யாக்கண்ணு.

"இது தங்கராசு காடுல்ல?"

மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி முழித்தார். "ஆளில்லாத காடுன்னு பன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு நா விட்டாலும் ஒரு கருது மிஞ்சாது."

"அதுக்கு எதுக்கு முருகன்?"

"சும்மா கத்துனா, தம்பி காட்டுக்குக் காவல் இருக்கேன்னு ஊரே பேசும். சாமி பேரைச் சொன்னா, கிறுக்குன்னு விட்டுருவாங்க."

"அப்ப ஒரு நாளாச்சும் நெசமா சாமிய நெனைக்கலையா?"

அய்யாக்கண்ணு வரப்பில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். "மொத நாளு நெனைச்சேன். அவன் காலை எடுக்குற மாதிரி ஆனாலும் ஆகும்னு டாக்டர் சொன்னதா கேள்விப்பட்டேன்ல, அன்னிக்கு. கத்தல. மனசுக்குள்ளயேதான்."

சாந்தா டார்ச் லைட்டை அணைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு செய்யுறீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி அதுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அடிப் போடி! சொன்னா 'அண்ணே'ன்னு அழுவான். அப்புறம் எப்புடி நான் அவன்கூடப் பேசாம இருக்குறது?"