அப்பன் பெயர்

"கேக்கறேன்ல. அப்பன் யாரு?"

தேவாலயச் சபையின் மூப்பர் ஹெஸ்ஸல் மூன்றாவது முறையாகக் கேட்டார். கல்யாணமாகாத ரின்ஸ்கே, மடியில் கிடந்த குழந்தைக்கு ஆட்டுப்பால் புட்டியைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"தெரியாதுங்க."

"தெரியாதா?"

"இருட்டுல பேரெல்லாம் கேட்டுக்கலைங்க."

அவர் முகம் அசையவில்லை. முப்பது வருஷமாகச் சபையில் முதல் வரிசையில் மனைவியோடு உட்காருகிறவர். சபையாரை விசாரிக்க வீட்டுக்கு வரும் மூப்பர்கள் எப்போதும் இருவராகத்தான் வருவார்கள். இன்று இவர் தனியாக வந்திருந்தார்.

"எங்க பெத்தே?"

"ஹார்லிங்கன்ல. அக்கா வீட்ல."

"உங்கக்காவ போன வாரம் சந்தையில பாத்தேன். பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை பேசல."

"வெக்கமா இருந்திருக்கும்."

"உனக்கு இல்லையாக்கும்."

அவர் குனிந்து குழந்தையின் கரிய சுருள்முடியைப் பார்த்தார். ரின்ஸ்கே குல்லாயை இழுத்துவிட்டாள்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் கொண்டுவந்து கொடுத்த யூதக் குழந்தை அது. பெற்றவர்களை ஜெர்மானியர் முகாமுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். வெளியே தெரிந்தால் இதற்கும் அதே ரயில்தான்.

"ஞாயித்துக்கிழமை சபை முன்னால நின்னு பாவத்த அறிக்கை பண்ணிடறேங்க" என்றாள்.

"போன வருஷம் தையக்காரன் மக, நிக்கமாட்டேன்னு மூணு மாசம் அழுதா. இதுவரைக்கும் ஏழு பேர நிக்க வெச்சிருக்கேன். நெசமா தப்புப் பண்ணவ எவளும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டதில்ல."

அவள் கையிலிருந்த புட்டி நழுவியது. பிடித்துக்கொண்டாள்.

ஹெஸ்ஸல் எழுந்து தொப்பியை எடுத்தார். "நாளைக்குக் காலையில போலீஸ் வருது. அப்பன் பேரு இல்லன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"நீங்கதான் சொன்னீங்களா?"

"ஊரே பேசுது. நான் வேற எதுக்குச் சொல்லணும்?"

ரின்ஸ்கே குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவளுடைய வாய்த்துடுக்கெல்லாம் போய்விட்டிருந்தது.

"யார் பேரச் சொல்றதுங்க? இந்த ஊர்ல எந்த ஆம்பளை வந்து ஆமான்னு சொல்லுவான்?"

ஹெஸ்ஸல் கதவைத் திறந்து தெருவை இருபக்கமும் பார்த்தார். பிறகு மெல்லச் சாத்தினார்.

"என் பேரச் சொல்லு."